மாப்பிள்ளை ஒஹையோ, மச்சான் மிஷிகன்

நாளை, 2025 நவம்பர் 29, சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு ஆன் ஆர்பரில் ஆட்டம். பல்கலைக்கழக அணிகளான ஒஹையோ ஸ்டேட்டும் மிஷிகனும் மோதுகின்றன. டொலீடோவில் இந்த வாரம் வேறு பேச்சே கிடையாது. பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கருவியை விட்ட பிறகு "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? சொன்னால் பல்லுக்கு உத்தரவாதம் உண்டா?

அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இது காலால் உதைத்து ஆடும் நம்மூர் ஃபுட்பால் இல்லை. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், தூக்கி எறிவார்கள், ஓடுகிறவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். இது போதும். மீதியைத் தெரிந்துகொள்ளாமலே சண்டை போடலாம், இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

காலேஜ் ஆட்டம் என்றதும் பசங்க விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நாளை ஆட்டம் நடக்கும் மிஷிகன் மைதானத்தில் 1,07,601 பேருக்கு இடம் இருக்கிறது. கொலம்பஸில் இருக்கும் ஒஹையோ ஸ்டேட் மைதானமும் லட்சத்தைத் தாண்டும். சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகளின் மைதானங்கள்கூட வழக்கமாக இவ்வளவு பேரைக் கொள்ளாது.

இனி ஊர் விவகாரம். டொலீடோ ஒஹையோ மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆன் ஆர்பர் இங்கிருந்து 50 மைல், கொலம்பஸ் 140 மைல். வடக்கே பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் மிஷிகன் எல்லை வந்துவிடும். அதனால் ஒரே தெருவில் சிவப்புக் கொடி வீடும் உண்டு, மஞ்சளும் நீலமுமான கொடி வீடும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் அதற்கென்றே நடுவில் பிரித்துத் தைத்த கொடி கடையில் விற்கிறார்கள்.

இந்தப் பங்காளிச் சண்டை பந்து வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. 1835-ல் டொலீடோ யாருக்கு என்று ஒஹையோவும் அப்போது மாநிலமாகக்கூட ஆகாத மிஷிகனும் படை திரட்டின. தகராறுக்குரிய நிலம் 468 சதுர மைல். மிஷிகன் பக்கம் ஆளுநராக இருந்தவருக்கு வயது 23. இளரத்தம், விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் அந்தப் போரில் சிந்திய ரத்தம் மொத்தமும் ஒரு கீறலிலிருந்து வந்ததுதான். கைது செய்ய வந்த மிஷிகன் காவல் அதிகாரி ஒருவரை டொலீடோவில் டூ ஸ்டிக்னி என்பவர் பேனாக்கத்தியால் குத்தினார். ஆமாம், பெயரே 'டூ'. அவருடைய அண்ணன் பெயர் 'ஒன்'. பிள்ளைகளுக்கு நம்பர் போட்டுப் பெயர் வைத்த அப்பா. குத்துப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். கடைசியில் வாஷிங்டன் பஞ்சாயத்து பண்ணியது: டொலீடோ ஒஹையோவுக்கு, அதற்கு ஈடாக வடக்கே ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் காட்டு நிலம் மிஷிகனுக்கு. ஏமாந்துவிட்டோம் என்று மிஷிகன்காரர்கள் புழுங்கினார்கள். பிறகு அந்தக் காட்டுக்கு அடியில் செம்பும் இரும்பும் கிடைத்தது வேறு கதை. அந்த ஒப்பந்தத்துக்கு மிஷிகன் தலையாட்டிய மாநாடு 1836 டிசம்பரில் நடந்தது, நாளைக்கு ஆட்டம் நடக்கிற அதே ஆன் ஆர்பரில்.

இதை நேற்று விருந்தில் எடுத்துவிட்டேன். "அப்போ டொலீடோவை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்க" என்றார் மச்சான். "எடுத்துக்கோ, ரோட்டுக் குழியோட சேர்த்து எடுத்துக்கோ" என்றார் மாப்பிள்ளை.

யார் இவர்கள் என்று சொல்லவில்லையே. எதிர்வீட்டுக்காரர் ஒஹையோ ஸ்டேட் வெறியர். இங்கே ஜீப் தொழிற்சாலையில் ராங்லர் வண்டி தயாராகும் லைனில் வேலை. மனைவி எல்லைக்கு அந்தப்பக்கம் டெம்பரன்ஸ் ஊர்க்காரர். பிறந்த வீடு மொத்தமும் மிஷிகன். அந்த அம்மாவின் தம்பி, தாயாரைக் கூட்டிக்கொண்டு வருடாவருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். வியாழன் விருந்து, சனி ஆட்டம். இடையில் வெள்ளி ஒரு நாள் இருப்பதே சண்டை ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் போல. பேச்சு நடப்பதென்னவோ ஆங்கிலத்தில். ஆனால் அந்தக் கேலியும் குத்தலும் அப்படியே நம் மாப்பிள்ளை-மச்சான் ரகம் என்பதால் முறைவைத்தே எழுதுகிறேன்.

டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. வான்கோழி மேசைக்கு வந்ததும் மச்சான் ஆரம்பித்தார்.

"மாமா, போன வருஷம் எத்தனை புள்ளி வித்தியாசத்துல ஜெயிப்போம்னு சொன்னீங்க?"

"கறியை வெட்டு முதல்ல."

வெந்த புண் அது. 2024 நவம்பர் 30 அன்று மிஷிகன் 6 வெற்றி 5 தோல்வி என்று நொண்டிக்கொண்டு கொலம்பஸுக்குப் போனது. ஒஹையோ ஸ்டேட் அப்போது நாட்டில் 2-ஆம் இடம். பந்தயக்காரர்கள் இருபது புள்ளியை ஒட்டி வித்தியாசம் போட்டிருந்தார்கள். முடிவு 13-10, மிஷிகனுக்கு. 45 விநாடி மிச்சம் இருக்கையில் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அடித்த ஒரு ஃபீல்டு கோல் கதையை முடித்தது. பந்தெறிவதையே வேலையாகக் கொண்ட மிஷிகன் குவார்ட்டர்பேக் அன்று எறிந்து சேர்த்தது நூறு கஜம்கூட இல்லை. இவ்வளவு சொத்தையாக ஆடிய அணியிடம் எப்படித் தோற்றார்கள்?

மாப்பிள்ளையிடம் இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு வருடமாக யோசித்து வைத்த பதில். ஜெரமையா ஸ்மித் மாதிரி யார் தலைக்கு மேலிருந்தும் பந்தைப் பறிக்கக்கூடிய ஆளை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு, மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்று இரண்டு மலைகள் நிற்கும் நடுப்பகுதியிலேயே போய்ப் போய் முட்டினார்கள். ஏன்? "வீம்பு" என்கிறார். "உங்க ஆளுங்களுக்குத் தெம்பு பத்தாதுன்னு மூணு வருஷமா நீங்க சொல்லிக் காட்டினீங்க. அதை எங்க கோச் மனசுல வெச்சுக்கிட்டார். ஆட்டத்தை ஜெயிக்கப் போகலை, தெம்பைக் காட்டப் போனார்." எனக்கு இது சரியான கணிப்பு என்றே படுகிறது. எதிராளி சொன்ன சொல்லுக்கு ஆடினால் எதிராளிக்குப் பிடித்த ஆட்டத்தைத்தானே ஆட வேண்டியிருக்கும்.

ஆட்டம் முடிந்தபின் நடந்தது அதைவிட அசிங்கம். மிஷிகன் பையன்கள் மைதான நடுவில் தங்கள் கொடியை நடப் போக, கைகலப்பு ஆகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்துப் பிரித்துவிட்டது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். அதோடு விடவில்லை. மைதான நடுவில் கொடி நடுவதைக் கடுங்குற்றமாக்க வேண்டும் என்று ஒஹையோ சட்டமன்றத்தில் ஒருவர் மசோதாவே கொண்டுவந்தார். அவர் எங்கள் டொலீடோ பக்கத்துத் தொகுதிக்காரர். வேறு எந்தப் பக்கத்திலிருந்து வருவார்!

ஒஹையோ ஸ்டேட் கோச் ரையன் டேயின் கணக்கைப் பாருங்கள். இன்றுவரை 81 வெற்றி, 10 தோல்வி. எந்த ஊரிலும் சிலை வைக்கிற கணக்கு. ஆனால் அந்தப் பத்துத் தோல்வியில் நாலு மிஷிகனிடம், அதுவும் வரிசையாக 2021, 22, 23, 24. இங்கே அந்த நாலை வைத்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள். இது அவருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1988 முதல் 2000 வரை கோச்சாக இருந்த ஜான் கூப்பர் மொத்தம் 111 ஆட்டம் ஜெயித்தவர். மிஷிகனிடம் 2 வெற்றி, 10 தோல்வி, ஒன்று சமன். கொலம்பஸில் அவர் பெயரைச் சொன்னால் 111 யாருக்கும் நினைவுக்கு வராது.

"நாலு வருஷம்" என்று விரலை நீட்டினார் மச்சான்.

"அதுல மூணு திருட்டு" என்றார் மாப்பிள்ளை.

இது 2023 அக்டோபரில் வெடித்த விவகாரம். ஆட்டத்தின்போது ஓரத்திலிருந்து கோச்சுகள் கையாலும் அட்டையாலும் காட்டும் சைகைகளைப் படித்துவிட்டால், அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மைதானத்தில் நின்று படித்தால் குற்றமில்லை. ஆனால் மிஷிகன் அலுவலர் கானர் ஸ்டாலியன்ஸ், பிற்பாடு எதிர்த்து ஆடப்போகிற அணிகளின் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கி ஆள் அனுப்பி, போனில் படம் பிடிக்க வைத்தார். அது விதிமீறல். கோச் ஜிம் ஹார்பா அந்த வருடத்தின் கடைசி மூன்று லீக் ஆட்டங்களுக்கு மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடை. இந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்து, அபராதம் கோடிக்கணக்கான டாலர். ஆனால் மிஷிகன் வென்ற 2023 கோப்பையைப் பறிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடிவயிறு எரிவது அந்த இடத்தில்தான்.

மச்சான் விடுவதாக இல்லை. "குட்டு வெளிப்பட்டது அக்டோபர்ல. ஆட்டம் நடந்தது நவம்பர்ல. எங்க கோச் வீட்ல உட்கார்ந்து டிவி பார்த்தார். அப்பவும் ஜெயிச்சோம். போன வருஷமும் ஜெயிச்சோம். இன்னும் எந்தச் சைகையைத் திருடினோம்?"

வாதம் என்று பார்த்தால் இது பலமான வாதம்தான். மாப்பிள்ளை கொஞ்சம் திணறினார். அதுவரை உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்த மாமியார் அப்போது வாய் திறந்தார்.

"பேண்ட் கதையைச் சொல்லட்டுமா?"

"அத்தை, வேண்டாம்."

சொல்லிவிட்டார். 1934 முதல் ஒரு வழக்கம். மிஷிகனை ஜெயித்தால் ஒஹையோ ஸ்டேட் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் தங்கத்தில் செய்த குட்டி பேண்ட் ஒன்று பதக்கமாகக் கொடுப்பார்கள். அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தானே பேண்ட் போடுகிறார்கள், எதற்குப் பயம் என்று அப்போதைய கோச் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் அதற்காக உயிரை விடுவார்கள். 2010-ல் என்ன ஆயிற்று என்றால், சில வீரர்கள் மோதிரம், சட்டை என்று கையில் இருந்ததையெல்லாம் பச்சை குத்துகிற கடைக்காரரிடம் காசுக்கும் பச்சைக்குமாகக் கொடுத்தார்கள். அதில் அந்தத் தங்க பேண்டும் போயிற்று. விஷயம் வெளியே வந்து கோச் ஜிம் ட்ரெஸல் பதவி விலக, அந்த வருட வெற்றிகள் எல்லாம் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன, மிஷிகனை ஜெயித்தது உட்பட.

"எங்க பையன் சைகையைத் திருடினான். உங்க பையனுங்க எங்களை ஜெயிச்சு வாங்கின பதக்கத்தையே வித்துட்டாங்க. எது கேவலம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி உருளைக்கிழங்குக்குத் திரும்பினார். மேசையில் சத்தமே இல்லை. இன்றைய ஒஹையோ ஸ்டேட் அணியில் நாலாவது வருடம் படிக்கும் பையன் ஒருத்தன் கையிலும் அந்த பேண்ட் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நடுவே எங்களுக்கும் ஒரு அடி விழுந்தது. என் மனைவி எலுமிச்சை சாதம் செய்து எடுத்துப்போயிருந்தார். மாப்பிள்ளை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மஞ்சள்! மிஷிகன் சோறு!" நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. மச்சான் வாழ்க்கையில் முதல்முறையாக எலுமிச்சை சாதத்தை மூன்று தடவை போட்டுக்கொண்டார், காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர வர. பதிலுக்கு, வேர்க்கடலை வெண்ணெயை உருட்டிச் சாக்லேட்டில் முக்கிய பக்கை உருண்டைகளை அவர் தொடவில்லை, அது ஒஹையோவின் சின்னமாம். அடுத்த வருடம் தக்காளி சாதமும் சேர்த்துக் கொண்டுபோவதாக முடிவு. டொலீடோவில் நடுநிலை என்பது இரட்டைச் சமையல்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடத்திலிருந்து கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றில் 12 அணிகள். அதற்கு முன்பு 4 மட்டும். அதற்கும் முன்பு இரண்டே இரண்டு. அப்போதெல்லாம் நவம்பர் கடைசியில் மிஷிகனிடம் தோற்றால் பெரும்பாலும் வருடமே போச்சு. இப்போது? ஒஹையோ ஸ்டேட் 11-க்கு 11 ஜெயித்து முதலிடத்தில் நிற்கிறது. நாளை தோற்றாலும் பன்னிரண்டுக்குள் இடம் உறுதி. போன வருடமே இதற்கு சாட்சி. மிஷிகனிடம் மண்ணைக் கவ்விய அதே அணி, 8-ஆம் இடத்தில் உள்ளே நுழைந்து டென்னசி, ஆரிகன், டெக்சஸ் என்று வரிசையாகச் சாய்த்து, ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.

ஆகவே இந்த ஆட்டத்துக்கு இனி மதிப்பில்லை, காட்சிப் பொருள் ஆகிவிட்டது என்று டிவியில் பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். மச்சானுக்கே அந்தப் பயம் உண்டு. "இன்னும் பத்து வருஷத்துல பெரிய ஆட்டக்காரங்களை உட்கார வெச்சுட்டு ரெண்டாம் வரிசைப் பசங்களை இறக்குவாங்க பாருங்க, பிளே ஆஃபுக்கு மிச்சம் பிடிக்க" என்றார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "கோப்பை வந்தது. சந்தோஷம்தான், அழுதேன்கூட. மறுநாள் வேலைக்குப் போனேன். லைன்ல ஒருத்தனாவது நோட்ர டேம் பத்திப் பேசணுமே! பதிமூணு பத்து, பதிமூணு பத்துன்னு பாட்டா பாடினானுங்க."

அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆள் வருகிறது. நோட்ர டேம்காரன் அவர் பக்கத்தில் நின்று போல்ட் முடுக்குவதில்லை, மிஷிகன்காரன் முடுக்குகிறான். விஷயம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பை கொடுப்பவர்கள் விதியை எப்படி மாற்றினாலும் இந்த ஆட்டத்தின் பரிசு அவர்கள் கையில் இல்லை. அடுத்த நவம்பர் வரை எவன் வாயடைத்து நிற்பான் என்பதுதான் பரிசு.

பரிசு முழுக்க அவர்கள் கையில் இருந்த காலத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மாமியாரைக் கேட்க வேண்டும். 1973 நவம்பர் 24 அன்று இதே ஆன் ஆர்பர் மைதானத்தில் மாணவியாக உட்கார்ந்திருந்தவர். இரண்டு அணியும் அதுவரை தோற்கவில்லை. ஒஹையோ பக்கம் வுடி ஹேஸ், மிஷிகன் பக்கம் போ ஷெம்பெக்லர். சிஷ்யன் குருவை எதிர்த்து நின்ற காலம். போ, வுடியிடம் ஆடியவர், அவருக்கு உதவிக் கோச்சாகவும் இருந்தவர். 1969 முதல் 1978 வரை பத்து வருடம் இருவரும் மோதினார்கள். சிஷ்யனுக்கு 5, குருவுக்கு 4, ஒன்று சமன். அந்தச் சமன்தான் இது.

இடைவேளையில் ஒஹையோ ஸ்டேட் 10-0. கடைசிக் கால்பகுதியில் மிஷிகன் பத்தையும் எடுத்துவிட்டது. அதன்பிறகு மிஷிகன் குவார்ட்டர்பேக் டென்னிஸ் பிராங்க்ளினுக்குக் காறையெலும்பு முறிந்தது. கடைசி நிமிடங்களில் மிஷிகன் அடித்த இரண்டு ஃபீல்டு கோலும் தவறிப் போயின. அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. 10-10. "யாருக்கும் வீட்டுக்குப் போகத் தெரியலை. ஜெயிச்சிருந்தா கத்திட்டுப் போயிருப்போம், தோத்திருந்தா அழுதுட்டுப் போயிருப்போம். லட்சம் பேர் சும்மா நின்னோம்" என்றார்.

இரண்டு அணியும் ஆடும் லீக்கிலிருந்து ஒரே ஓர் அணிதான் புத்தாண்டு ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போகலாம் என்பது அப்போதைய விதி. இரண்டாவது அணிக்கு வேறு எந்த ஆட்டத்துக்கும் அனுமதி இல்லை. மறுநாள் லீக் கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்கள் போனில் ஓட்டுப் போட்டார்கள். குவார்ட்டர்பேக்குக்குக் காயம் என்பதும் மனதில் ஓடியிருக்கும் என்று பேச்சு. ஒஹையோ ஸ்டேட்டை அனுப்பினார்கள். ஒரு தோல்விகூட இல்லாத மிஷிகன் வீட்டில் உட்கார்ந்தது.

"யார் யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் மாமியார். 52 வருடம் கழித்தும் அந்தக் குரலில் கோபம் குறையவில்லை. மாப்பிள்ளைக்கு எதிர்வாதம் இருக்கிறது: போன ஒஹையோ ஸ்டேட் அங்கே யூ.எஸ்.சி.யை 42-21 என்று நொறுக்கியது, அதனால் அனுப்பியது சரிதானே? இதை அவர் மாமியார் முன்னால் சொல்ல மாட்டார். பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னார்.

காசு விஷயத்திலும் கொஞ்ச நேரம் உரசல் நடந்தது. இந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரி வருடத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுக்க முடியும். மிஷிகனின் பதினெட்டு வயது குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட், ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில் பெல்வில்லைச் சேர்ந்த பையன். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் மனம் மாறி வந்தவர். மனம் மாற எத்தனை பூஜ்யம் தேவைப்பட்டது என்று மாப்பிள்ளை கேட்க, "உங்க குவார்ட்டர்பேக் கலிபோர்னியாவுல பிறந்து அலபாமாவுல சேர்ந்து அங்கிருந்து வந்தவன்தானே, கொலம்பஸ் எங்க இருக்குன்னு அவனுக்கு மேப்ல காட்டச் சொல்லுங்க" என்று மச்சான் திருப்பினார். இருவரும் சொல்வது உண்மைதான் என்பதால் அந்தப் பேச்சு சீக்கிரம் அடங்கிவிட்டது.

எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பிளவு உண்டு. அதற்குக் காரணம் ஃபீஸ். ஒஹையோவில் குடியிருப்பவன் பிள்ளைக்கு ஒஹையோ ஸ்டேட்டில் உள்ளூர்க் கட்டணம். 50 மைல் தள்ளி மிஷிகனில் சேர்த்தால் வெளிமாநிலக் கட்டணம், பல மடங்கு. அப்படிச் சேர்த்த நண்பர் ஒருவர் கோயில் அன்னதானத்துக்குக்கூட மிஷிகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறார். கொடுத்த காசுக்கு அதையாவது போட வேண்டாமா என்கிறார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. தோற்றால் மட்டும் இரண்டு நாள் போன் எடுக்க மாட்டார்.

சரி, நாளைக்கு என்ன ஆகும்?

ஒஹையோ ஸ்டேட் இந்த வருடம் ஓர் ஆட்டத்தில்கூட 16 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்ததில்லை. பதினொரு ஆட்டத்தில் மொத்தம் 84. இது மிரட்டுகிற கணக்கு. குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின் எறிகிற பந்து பத்துக்கு எட்டு போய்ச் சேர்கிறது. அதைப் பிடிக்கிற ஸ்மித்தும் கார்னெல் டேட்டும் காயத்தால் போன ஆட்டம் ஆடவில்லை. நாளை இறங்குவார்கள் என்றுதான் மாப்பிள்ளை சத்தியம் செய்கிறார். மிஷிகன் 9 வெற்றி 2 தோல்வி. ஓக்லஹோமாவிடமும் யூ.எஸ்.சி.யிடமும் தோற்ற இரண்டிலும் எடுத்தது 13 தான். ஓடி ஜெயிக்கிற அணி; ஆனால் முதன்மை ஓட்டக்காரர் ஜஸ்டிஸ் ஹேன்ஸ் காலில் அடிபட்டு இந்த சீசனுக்கே இல்லை.

பந்தயக்காரர்கள் இந்தமுறை பத்துப் புள்ளியை ஒட்டி நிற்கிறார்கள். போன வருடம் இருபது என்று போட்டுச் சூடுபட்டவர்கள். மச்சான் நம்பியிருப்பது வானத்தை. பனி கொட்டும் என்று வானிலை சொல்கிறது. பனி என்றால் மிஷிகன்காரர்கள் கண்ணில் 1950 தெரியும்: கொலம்பஸில் புயலடித்த அன்று இரண்டு அணியும் சேர்ந்து 45 முறை பந்தை உதைத்துத் தள்ளிவிட்டன. மிஷிகன் ஒருமுறைகூடப் பத்து கஜத்தை முறையாகக் கடக்காமலே 9-3 என்று ஜெயித்தது. உதைத்த பந்தைத் தடுத்தே எடுத்த புள்ளிகள். "எங்களுக்குப் பத்து கஜம் தேவையே இல்லை, பனி போதும்" என்கிறார் மச்சான்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பதினெட்டு வயதுப் பையன், குளிரில் கல்லாக இறுகிய பந்து, எதிரே நாட்டின் மிகச் சிறந்த தடுப்பு. ரையன் டேயும் போன வருட வீம்பை இன்னொரு தடவை செய்ய மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அகலமாகப் பரப்பி எறிந்து ஆடுவார். முதல் பாதியில் மிஷிகன் ஒட்டிக்கொண்டு நிற்கும், மூன்றாவது கால்பகுதியில் கழன்றுவிடும். ஒஹையோ ஸ்டேட் 24, மிஷிகன் 13.

எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில் ஸ்கோர் எழுத வேண்டும். மாப்பிள்ளை 31-10 என்றும் மச்சான் 16-13 என்றும் எழுதினார்கள். தோற்கிறவர் திங்கட்கிழமை எதிரணித் தொப்பியோடு வேலைக்குப் போக வேண்டும். நாலு வருடமாக மாப்பிள்ளைதான் போட்டுக்கொண்டு போகிறார். நான் எழுதும்போது மாமியார் பக்கத்திலேயே நின்றார். ஆகவே அந்தத் தாளில் என் பெயருக்கு நேரே மிஷிகன் 20, ஒஹையோ ஸ்டேட் 17 என்று இருக்கும். யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.